இளநரைக்கு அவசரம் ஆகாது

பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் காதோரம் நாலைந்து வெள்ளை முடி தெரிந்தால் போதும், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மதுரை கீழமாசி வீதியில் வாங்கிய பொடி, பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சித் தந்த எண்ணெய், சலூன்காரர் சிபாரிசு செய்த சாயம் என மூன்றும் ஒரே மாதத்தில் அந்தச் சின்னத் தலையில் ஏறிவிடும். நரை யாரையும் நோயாளி ஆக்குவதில்லை. அதை மறைக்க நாம் காட்டும் பதற்றம் ஆக்கிவிடுவதுண்டு.

நம்மவர்களுக்கு 25 வயதுக்கு முன் நரை வந்தால் அதை இளநரை என்று மருத்துவம் சொல்கிறது. முடிக்கு நிறம் கொடுப்பவை, தோலுக்கு அடியில் வேரில் இருக்கும் நிறமிச் செல்கள். அவை வேலையைக் குறைத்துக்கொண்டால் முடி வெளுத்தே வளர்கிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட பகுதியில் உயிர் கிடையாது. அது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மேலே தள்ளப்பட்டுக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

அதனால்தான் எண்ணெய் தேய்த்தால் வெளுத்தது கறுக்கும் என்று காத்திருப்பது வீண். சோழவந்தான் பக்கம் வயல் வரப்பில் கரிசலாங்கண்ணி தானாக முளைத்துக் கிடக்கும். அதை இடித்துச் சாறெடுத்து, தேங்காய் எண்ணெயில் ஊற்றிச் சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சுவது நல்ல வழக்கம். முடி வறளாது, சீப்பில் சிக்கி உடைவதும் குறையும். தாராளமாகத் தேயுங்கள். அதை மட்டும் நம்பி இரண்டு வருடத்தைக் கடத்திவிடாதீர்கள்.

போர்த் தண்ணீரைக் குற்றம் சொல்லாத வீடும் எங்கள் பக்கம் இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் தோலுக்கு அடியில் உருவாகும் நிறத்தை அது தொடுவதில்லை. பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் இதிலுள்ள நஷ்டம். ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பதும் தவறுதான், இருந்தாலும் பிடுங்காதீர்கள். அந்த வேரிலிருந்து மறுபடியும் வெள்ளைதான் வரும், திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் புண்ணாகிப் பிறகு முளைக்காமலே போகலாம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது சாயம். குறிப்பாக, மருதாணி என்ற பெயரில் விற்கும் கறுப்புப் பொடி. மருதாணி இலை தரும் நிறம் செம்மை. அரைமணி நேரத்தில் தார் போலக் கறுக்கும் பொடியில் இலை மட்டும் இருக்க வழியில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் பாராபினைலின் டையமின் என்று இருக்கும், சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும்: தலை அரிக்கும், காதோரம் நீர் கசியும், கண் இமை திறக்க முடியாதபடி வீங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய சாயத்தின் அட்டையில், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது உகந்ததல்ல என்று அச்சிட்டாக வேண்டும். இங்கே நாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பூசிவிடுகிறோம்.

“போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். முதல் சில தடவைகளில் உடம்பு அந்த ரசாயனத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. எதிர்ப்பு அதன் பிறகுதான் கிளம்பும். பொருட்காட்சியில் கையில் கறுப்பாக வரைந்துகொள்ளும் படத்தில் பி.பி.டி. இருந்தால், அதிலிருந்தே இந்த ஒவ்வாமை தொடங்கிவிடலாம். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு முதன்முறையாகச் சாயம் பூசுவது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் வீக்கம் ஓரிரு நாள் கழித்துக்கூட வரும். கலக்கிய சாயத்தைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்தச் சாயத்தை விட்டுவிடுங்கள். பாக்கெட்டையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மறைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மருதாணியும் அவுரியும் உண்டு. மருதாணிப் பொடியை இரவே குழைத்து ஊறவைத்து, மறுநாள் பூசி அலசினால் முடி செம்மை ஏறியிருக்கும். அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டு, அதன் மேல் பூச வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அலசும்போது லேசாகப் பச்சை அடித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளைக்குள் கருமை கூடிவிடும். பொறுமை கேட்கும் வேலை இது. இலைப்பொடியிலும் கலப்படம் உண்டு என்பதால், இதையும் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டே பூசுங்கள்.

சாயத்துக்குச் செலவழிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது பரிசோதனை. ரத்த அணுக்கள், வைட்டமின் பி12, ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பு, தைராய்டு ஆகிய நான்கையும் பாருங்கள். களைப்பு, கை கால் மரத்துப்போதல், வாய்ப்புண் இவற்றோடு நரையும் வந்தால் பி12 குறைந்திருக்கலாம். அது பால், முட்டை, மீன், கறி ஆகியவற்றில் இருக்கிறது. ஆட்டு ஈரலில் ஏராளம். சுவரொட்டி எனப்படும் ஆட்டு மண்ணீரலில் இரும்புச் சத்து மிகுதி. கறி சாப்பிடுகிறவருக்கும் குடல் சத்தை உறிஞ்சாவிட்டால் குறைபாடு வரும் என்பதால், பார்த்துவிட்டுப் பேசுவதே சரி. குறையைச் சரிசெய்தால் சிலருக்கு நிறம் திரும்புகிறது, எல்லோருக்கும் அல்ல. தோலிலும் வெண்திட்டு தெரிந்தாலோ, ஒரே இடத்தில் கொத்தாக முடி வெளுத்தாலோ, அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுங்கள். இளைஞர்கள் சிகரெட்டையும் விட வேண்டும்; 30 வயதுக்கு முன் நரைப்பதோடு புகைபிடித்தலுக்குத் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை. முடிக்கு நல்லது என்று தானாக வாங்கி விழுங்குகிறார்கள். அது ரத்தத்தில் இருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவு தவறாக வரக்கூடும், இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படும் அபாயம் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: விசேஷ வீட்டில் பிள்ளையின் தலையைப் பார்த்து “இப்பவே கிழவனாகிட்டியா” என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விதான் பல பிள்ளைகளைச் சாய பாக்கெட்டிடம் அனுப்புகிறது. பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருந்து, அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ சிறு வயதிலேயே நரைத்திருந்தால், அது பரம்பரை. அதற்கென்று மருந்து வாங்குவதை அந்த மாதமே நிறுத்திவிடலாம்.