வீட்டு சாப்பாடு கொண்டுபோனாலும் லஞ்ச் ஃபார்ம் குடுத்துடுங்க
அமெரிக்கால பப்ளிக் ஹைஸ்கூல் படிக்கிற பசங்க வீட்டு சாப்பாடே கட்டிக்கிட்டு போனாலும், ஸ்கூல்ல குடும்ப வருமானத்தைக் கேக்குற இலவச லஞ்ச் ஃபார்மை வருஷா வருஷம் கண்டிப்பா நிரப்பி குடுத்துடுங்க. அதுல தகுதி கிடைச்சா 11, 12-வது கிரேட்ல எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷனுக்கான தேர்வு) ரெண்டு தடவை ஃபீஸ் இல்லாம எழுதலாம், ஏபி எக்ஸாம் (ஹைஸ்கூல்லயே எழுதுற காலேஜ் லெவல் பாடத் தேர்வு) கட்டணம் குறையும், நிறைய காலேஜ்ல அப்ளிகேஷன் ஃபீஸும் கிடையாது, ஏன்னா இந்தச் சலுகைகளுக்கு ஸ்கூல் கவுன்சிலர் (படிப்பு, காலேஜ் விஷயத்துல பசங்களுக்கு வழிகாட்டுறவர்) பெரும்பாலும் பாக்கிறது இந்த வருமானத் தகுதியைத்தான். கூச்சமே வேணாம், யாரு இலவசத்துல இருக்காங்கன்னு மத்த பசங்களுக்குத் தெரியவிடக் கூடாதுன்னு ஃபெடரல் விதியே இருக்கு. குடும்ப வருமானம் ஃபெடரல் வறுமைக்கோட்டோட 185 சதவீதத்தைத் தாண்டினா இது ஒத்துவராது. கலிஃபோர்னியா மாதிரி எல்லாருக்குமே இலவச சாப்பாடு போடுற இடத்துல சாப்பாடு கிடைக்கிறது மட்டும் தகுதி ஆகாது, வருமான ஃபார்மை தனியா கேட்டு வாங்கி குடுக்கணும்.