பழைய பிக்கப் பிடிக்கவில்லையா? பம்ப் வாங்கும் முன் பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பழைய பிக்கப்பில் இப்படி ஆனதும் பலர் முதலில் செய்வது புது பெட்ரோல் பம்ப் வாங்குவதுதான். டேங்கை இறக்கி, பம்பை மாற்றி, எல்லாவற்றையும் மாட்டி சாவியைத் திருப்பினால் வண்டி அப்போதும் அசைவதில்லை. பழுது பம்பில் இல்லாமல், அதற்குப் போகும் கரண்ட்டில் இருந்திருக்கும். பழைய வண்டியில் இது சர்வசாதாரணம். அதனால் டேங்கைத் தொடுவது கடைசி வேலை.

இங்கே சொல்வது 1980களின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை வந்த, இன்ஜெக்டரும் டேங்குக்குள் மின்சார பம்பும் உள்ள பெட்ரோல் பிக்கப்புகளுக்கு. கார்புரேட்டர் வண்டிக்குத் தனியாகச் சில வரிகள் பின்னால் இருக்கின்றன. டீசல் வண்டிக்கு இந்த முறை பொருந்தாது.

தேவையானவை: மல்டிமீட்டர், குண்டு பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப், பெட்ரோல் பிரஷர் கேஜ், கண்ணைக் காக்கும் கண்ணாடி, துணி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். வேலையைத் திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெட்ரோல் லைனில் வண்டி நின்ற பிறகும் பிரஷர் இருக்கும். எந்த இணைப்பைக் கழற்றினாலும் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள். கண்ணில் பெட்ரோல் பீறிட்டால் அது விளையாட்டல்ல.

படி 1: குறை பெட்ரோலிலா, ஸ்பார்க்கிலா?

முதலில் டேங்கில் பெட்ரோல் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் டேங்க் மீட்டர் முள்ளை நம்பக்கூடாது. சந்தேகம் இருந்தால் சில லிட்டர் ஊற்றிவிட்டு மேலே போங்கள்.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டில் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஓரிரு வினாடி மட்டும் அடியுங்கள். ஃபில்டரை மூடி, விலகி நின்று, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஒரு கணம் பிடித்து அணைந்தால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. துளியும் பிடிக்கவில்லை என்றால் முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள்.

படி 2: காதைக் கொடுங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி அப்படியே நிறுத்துங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். ஒருவர் டேங்க் மூடியைத் திறந்து வாய்ப்பக்கம் காது வைக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் சுமார் 2 வினாடி "விர்ர்" என்று ஓடி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் நேராக படி 5க்குப் போகலாம். கேட்கவில்லை என்றால் அடுத்த இரண்டு படிகளில்தான் உங்கள் விடை இருக்கிறது.

வண்டியில் இரண்டு டேங்க் இருந்து, இரண்டுக்கும் தனித்தனி பம்ப் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சுவிட்சை மற்ற டேங்குக்கு மாற்றிப் பாருங்கள். அதில் வண்டி ஓடினால் ரிலே (பம்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின்சார சுவிட்ச்), ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். மிச்சம் அந்த ஒரு டேங்கின் பம்பும், அதன் வயரும், மாற்று சுவிட்சும்தான்.

படி 3: ஃப்யூஸ், இனர்ஷியா சுவிட்ச், ரிலே

ஃப்யூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு பக்கத்தை எர்த்தில் மாட்டி, ஃப்யூஸின் இரண்டு முனையையும் மாறி மாறித் தொடுங்கள்; இரண்டிலும் எரிய வேண்டும். ஃபோர்டு பிக்கப் என்றால் இனர்ஷியா சுவிட்ச் என்று ஒன்று உண்டு. வண்டி மோதினால் பம்புக்குப் போகும் கரண்ட்டைத் துண்டிக்க வைத்தது அது. பலமான குலுக்கலிலும் சில நேரம் விழுந்துவிடும். பெரும்பாலும் முன் பயணியின் கால் வைக்கும் பகுதியில் இருக்கும். மேலே உள்ள பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். அழுத்தும் முன் எங்கும் பெட்ரோல் ஒழுகவில்லை என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிலேயில் விரலை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். "டிக்" என்று விரலில் தெரிந்தால் சுருள் வேலை செய்கிறது. ஆனால் உள்ளே முனைகள் கருகியிருந்தால் டிக் சத்தம் வரும், கரண்ட் போகாது. பக்கத்தில் ஹாரனுக்கோ விளக்குக்கோ இதே மாதிரி ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். எந்தச் செலவும் இல்லாத சோதனை இது. டிக் சத்தமே இல்லை என்றால் ரிலேயைக் குறை சொல்லும் முன், அதன் சுருளுக்குக் கரண்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள்.

படி 4: பம்ப் வரை கரண்ட் போகிறதா?

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

பம்பின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கம் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். "கரண்ட் வருகிறது, அப்படியானால் பம்ப்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. பத்து இழை செம்பில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். பம்ப் சில ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த வயரின் லட்சணம் வெளியே வரும்.

அதனால் சோதனையை லோடு வைத்துச் செய்ய வேண்டும். கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையைச் செருகி அளவெடுங்கள். பம்ப் சுத்தமாகச் செத்துவிட்டது என்றால் அது கரண்ட்டையே இழுக்காது. அப்போது கனெக்டரைக் கழற்றி, ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு முனைக்கும் நடுவில் போட்டு அதையே லோடாக வைத்துக்கொள்ளுங்கள். 2 வினாடி போதாது என்றால் ரிலேயைக் கழற்றி, 30, 87 என்ற முனைகளை ஃப்யூஸ் வைத்த வயரால் இணைத்தால் பம்ப் விடாமல் ஓடும். எல்லா ரிலேயிலும் இந்த எண் இருக்காது. வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இப்படி இணைக்கும்போது ரிலேயின் முனைகள் சோதனையில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரியில் 12.4, பம்பில் 10 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 2.4 வோல்ட் வழியில் தொலைகிறது. எந்தப் பக்கம்? மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை பம்பின் பிளஸ்ஸில் வையுங்கள். வரும் எண்தான் பிளஸ் பக்க இழப்பு. அதே போல பேட்டரி மைனஸுக்கும் பம்பின் எர்த் முனைக்கும் நடுவில் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை.

பிக்கப்பில் இழப்பு பெரும்பாலும் எர்த் பக்கம்தான். எர்த் வயர் சேசிஸில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடம். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் துரு, செம்பில் பச்சைப் பூச்சு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

பல்பு பிரகாசமாக எரிகிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் இப்போது பம்பைக் குறை சொல்லலாம். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது ஓடினால் பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வீடு போய்ச் சேர உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

படி 5: பிரஷர்

பல வண்டிகளில் இன்ஜெக்டர் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) டயர் வால்வு போன்ற ஒன்று இருக்கும். கேஜை அங்கே மாட்டுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது இருக்காது, கேஜை மாட்ட லைனின் நடுவே ஒரு இணைப்புத் துண்டு வேண்டும். அவற்றில் 9 முதல் 13 பிஎஸ்ஐ போதும். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ளவற்றில் பொதுவாக 35 முதல் 45. 1996ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் வோர்டெக் என்ஜின்களுக்கு 60 முதல் 66 தேவை. அதில் 50 வந்தாலே பிடிக்காமல் அடம் பிடிக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே கடைசி முடிவு.

பம்ப் ஓடியும் பிரஷரே இல்லை என்றால், டேங்குக்குள் இருக்கும் சிறு ஹோஸ் கிழிந்திருக்கலாம், பம்பின் வாயில் உள்ள வடிகட்டி வலை அடைத்திருக்கலாம். பிரஷர் குறைவு என்றால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகும் குறைவா? ரிட்டர்ன் லைனின் (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) ரப்பர் பகுதியை ஒரு கணம் நெருக்குங்கள். பிரஷர் சட்டென்று ஏறினால், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கசிகிறது. ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது.

நின்றபடி பிரஷர் சரி, ஏற்றத்தில் மட்டும் இழுக்கவில்லை என்றால் பெட்ரோல் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ரிட்டர்ன் லைனை பாட்டிலில் விட்டு பம்பை ஓட்டினால் 30 வினாடியில் சுமார் அரை லிட்டர் வர வேண்டும்.

கார்புரேட்டர் வண்டிக்கு

ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திறங்கள். பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, என்ஜினில் மாட்டியிருக்கும் பம்பிலிருந்து வரும் ஹோஸை பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாய வேண்டும். வராவிட்டால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பெட்ரோல் ஒழுகாது, காற்றை இழுக்கும். அதனால் கண்ணில் படாது. ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

பம்ப் மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பல பிக்கப்புகளில் டேங்கை இறக்குவதை விட சரக்கு ஏற்றும் பின் தொட்டியைத் தூக்குவது சுலபம். ஆறோ எட்டோ போல்ட், பின் விளக்கு கனெக்டர், பெட்ரோல் ஊற்றும் குழாய், எர்த் வயர். இவற்றைக் கழற்றினால் நாலு பேர் தூக்கி நகர்த்திவிடலாம். பம்போடு வலை, கனெக்டர், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். டேங்குக்குள் துரு இருந்தால் கழுவாமல் புது பம்பை இறக்காதீர்கள். தொட்டியை மாட்டும் முன்பே சாவியை நாலைந்து முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு செல்ஃப் அடியுங்கள்.