கூப்பனில் சதவீதத்தை விட உச்சவரம்பைப் பாருங்கள்

செயலியில் மளிகை வாங்கும்போது ‘20% தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்’ என்று கூப்பன் இருந்தால், பில்லை 500 ரூபாயை ஒட்டியே நிறுத்திவிடுங்கள். முழுப் பலனும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. 1,500 ரூபாய்க்கு வாங்கினாலும் கழிவது அதே 100 ரூபாய்தான். ஏழு சதவீதம்கூடத் தேறாது. உச்சவரம்பை 100 ஆல் பெருக்கிச் சதவீதத்தால் வகுத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும்: 10%, அதிகபட்சம் 75 ரூபாய் என்றால் 750. மீதிச் சாமான்களைத் தெருமுனைக் கடையிலோ அடுத்த கூப்பனிலோ வாங்கிக்கொள்ளலாம்.

கூப்பன் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்குக் கொஞ்சம் குறைகிறதா? துவரம்பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய் என எப்படியும் தீரப்போகிற பொருளால் நிரப்புங்கள். பிஸ்கட்டும் சிப்ஸும் வேண்டவே வேண்டாம், மிச்சப்பட்ட காசு அதிலேயே கரைந்துவிடும்.

சிறிய ஆர்டருக்கு டெலிவரிக் கட்டணம் தனியாக வசூலிக்கும் செயலியில் இந்தக் கணக்கு பலிக்காது. கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். உச்சவரம்பே இல்லாத கூப்பன் என்றால், மாதச் சாமான் முழுவதையும் அதிலேயே வாங்குவதுதான் லாபம்.