ஆற்றுக் கப்பலில் முதல் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

கப்பல் பயணம் என்றாலே கடல்தான் நினைவுக்கு வரும். ஆற்றுக் கப்பல் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் கரை தெரிந்துகொண்டே இருக்கும், அலை கிடையாது என்பதால் குமட்டல் பயமும் அநேகமாக இல்லை, இறங்கினால் பல இடங்களில் நேராக ஊருக்குள்ளேயே நடந்து போய்விடலாம். கூட்டமும் குறைவு. ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் 135 மீட்டர் நீளக் கப்பலிலேயே 190 பேர் அளவில்தான் இருப்பார்கள்.

முதல் படி: ஆற்றை முடிவு செய்யுங்கள், கப்பலை அப்புறம் பார்க்கலாம். பலர் அறைப் படங்களைப் பார்த்த உடனேயே பணம் கட்டிவிடுகிறார்கள், ஆனால் நீங்கள் அங்கே பார்க்கப் போவது ஆற்றையும் கரையையும்தான். புதிதாகப் போகிறவர்களுக்கு எகிப்தின் நைல் ஆறுதான் அளவான பயணம். லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே 3 அல்லது 4 இரவு, வழியில் எட்ஃபூ கோயில், கரையை ஒட்டியே நிற்கும் கோம் ஓம்போ கோயில். ஒரு வாரம் கிடைத்தால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை ரைன் ஆறு. டான்யூப் 10 நாடுகளைத் தொட்டு ஓடுகிறது, வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று நான்கு தலைநகரங்கள் அதன் கரையில். 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து அசாமின் திப்ரூகருக்குக் கிளம்பிய கங்கா விலாஸ் கப்பல் போல 51 நாள் பயணங்களும் உண்டு, அதெல்லாம் ஆறு பழகின பிறகு.

இரண்டாம் படி, மாதம். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் ஆற்றில் எல்லாமே தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. மலைப் பனி உருகியோ மழை கொட்டியோ தண்ணீர் ஏறிவிட்டால் கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. கோடை முடிவில் தண்ணீர் வற்றினால் தரை தட்டும். 2018-லும் 2022-லும் ரைனில் அப்படித்தான் நீர்மட்டம் மிகவும் இறங்கிப் போனது. அந்த மாதிரி நாட்களில் பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், அல்லது தடைப்பட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். ஆகவே பணம் கட்டும் முன்பே, தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ என்ன செய்வீர்கள், பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பயணத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி: கப்பல் பகலில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பல கப்பல்கள் இரவில் ஓடி, பகலில் ஊர் பார்க்கக் கரையில் நின்றுவிடும். பிங்கன் முதல் கோப்ளென்ஸ் வரையுள்ள சுமார் 65 கிலோமீட்டர் ரைன் பள்ளத்தாக்கு, குன்றுக்குக் குன்று கோட்டைகளும் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டங்களும், யுனெஸ்கோ 2002-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அதைத் தூக்கத்தில் கடந்துவிட்டால் ரைனுக்குப் போனதில் பாதி போச்சு. முடிந்தால் நீரோட்டத்துக்கு எதிராகப் போகும் பயணத்தைப் பாருங்கள், கப்பல் மெதுவாக ஏறும், நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

அறை விஷயம் சுருக்கமாக. கீழ்த்தளத்து ஜன்னல் தண்ணீருக்குச் சற்று மேலே இருக்கும், திறக்க வராது. 'பிரெஞ்சு பால்கனி' என்று போட்டிருந்தால் அது கண்ணாடிக் கதவும் கம்பியும் மட்டும்தான், வெளியே கால் வைக்க இடம் இருக்காது. கூட்டமான துறைகளில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டுவார்கள், காலையில் திரையை விலக்கினால் எதிரே அடுத்த கப்பலின் ஜன்னல் தெரியும். அதனால் நடுத்தளத்தில், பின்பக்க இன்ஜினுக்குத் தள்ளி ஓர் அறை போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தில் கிளம்பும் ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். விமானம் தாமதமானாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

கட்டணத்தில் சாப்பாடு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். டிப்ஸ், பானங்கள், ஊர் சுற்றல் சேருமா என்று வரி வரியாகப் பாருங்கள். விசாவையும் வழித்தடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: டான்யூபில் பெல்கிரேட் வரை போனால் ஷெங்கனை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விட்டு செர்பியாவுக்குள் போய்த் திரும்புகிறீர்கள், ஒருமுறை நுழைவு விசா போதாது.

கப்பலில் ஏறிய பிறகு நான் சொல்வது ஒன்றுதான், லாக் (தண்ணீரை நிரப்பியோ வடித்தோ கப்பலை அடுத்த நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வரும்போது அறைக்குள் இருக்காதீர்கள். 1992-ல் திறந்த ரைன்-மைன்-டான்யூப் கால்வாயில் 12 மீட்டர் அகலத் தொட்டிக்குள் பதினொன்றரை மீட்டர் கப்பல் நுழையும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பாசி படிந்த ஈரச் சுவர், பின்னால் கதவு மூடும், தண்ணீர் அடியிலிருந்து நிறைய நிறைய சுவர் மெல்லக் கீழே இறங்குவது போலிருக்கும். சில இடங்களில் ஏறக்குறைய 25 மீட்டர் ஏற்றம். சுவர் முடிந்ததும் புல்வெளியும் மரங்களும் சட்டென்று கண் மட்டத்துக்கு வரும், முன் கதவு திறக்கும்.