காது ஸ்கேனில் கண்ணுக்குத் தப்பும் இடம்

“மெஷின் ஓடுறப்ப நல்லா கேக்குது, லயத்து வீட்டுக்கு வந்தா கேக்குதில்ல.” தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிற ஓர் அக்கா இப்படிச் சொன்னால், ரோலர் சத்தத்தில் காது போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுவோம். முதல் தவறே அதுதான். சத்தத்தால் கெட்ட காதுக்கு இரைச்சலில் இன்னும் மோசமாகத்தான் கேட்கும். இரைச்சலில் நன்றாகக் கேட்கிறது என்றால் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நினைவுக்கு வர வேண்டும். உட்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பு பஞ்சு போலாகி, பிறகு இறுகி, சத்தத்தை உட்காதுக்குக் கடத்தும் அங்கவடி என்ற குட்டி எலும்பை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் நோய் இது. பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும்.

ஒடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, பார்க்காமல் ஸ்கேனைத் திறக்காதீர்கள். சத்தத்தால் வந்த செவிட்டில் 4000 ஹேர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். இதிலோ காற்றுவழிக் கோட்டுக்கும் (காதுத்துளை வழியாகக் கேட்பது) எலும்புவழிக் கோட்டுக்கும் (மண்டை எலும்பின் அதிர்வால் கேட்பது) நடுவே இடைவெளி இருக்கும். எலும்புவழிக் கோடு 2000இல் கொஞ்சம் இறங்கும்.

அடுத்த தவறு, மூளைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் காதைத் தேடுவது. அதில் ஒரு வெட்டு 5 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கலாம். நாம் தேடும், எலும்பு பஞ்சான புள்ளியோ ஓரிரு மில்லிமீற்றர்தான். காது எலும்புக்கென்று 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டுகள் வேண்டும். ஹட்டனிலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறிக் கண்டிக்கு வருகிறவரை இதற்காக இரண்டாம் தடவை அலையவிடுவது பாவம். எம்.ஆர்.ஐ. போதுமே என்பார்கள், இந்த எலும்பு மாற்றம் அதில் எளிதில் தெரியாது.

பார்க்க வேண்டிய இடம், அங்கவடி பொருந்தியிருக்கும் நீள்வட்டச் சாளரம் என்ற திறப்பின் முன்விளிம்பு. பளிச்சென்ற வெள்ளை எலும்பில், பல்லில் சொத்தை விழுந்தது போல ஒரு மங்கல். நோய் முற்றினால் உட்காதில் சத்தத்தை உணரும் நத்தைச்சுருளைச் சுற்றிக் கரிய வளையம்போலத் தெரியும்.

நானே ஒருமுறை இங்கே சறுக்கியிருக்கிறேன். இடது காதில் மங்கல் தெரிந்தது. வலதோடு ஒப்பிட்டேன், அங்கும் அதே மாதிரி. சரி, இவருக்கு இதுதான் இயல்பு போல என்று எழுதிவிட்டேன். பெரும்பாலும் இந்த நோய் இரண்டு காதையும் பிடிக்கும் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளில் அதே இடத்தில் மெல்லிய பிளவு இயல்பாகவே இருக்கும். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. இறுகி ஆறிய எலும்பு, நல்ல எலும்பு மாதிரியே வெள்ளையாகத்தான் தெரியும். உட்காதில் உடல் சமநிலைக்கு உதவும் மேல் அரைவட்டக் கால்வாயின் கூரையில் ஓட்டை இருந்தாலும் ஒடியோகிராமில் இதே இடைவெளி வரும். அதைக் கவனிக்காமல் விட்டால், தேவையில்லாமல் அங்கவடி ஒப்பரேஷன் நடந்துவிடும்.