படத்தில் இருப்பது யார் கண்டது? சிறார் வரலாற்று நூல்களைத் தேர்ந்தெடுத்தலும் வாசித்தலும்

தில்லி மயூர் விஹாரில் உள்ள எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குழந்தைகள் ஏழெட்டுப் பேர், சில ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டில் கூடிப் படக்கதை நூல்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் வாசித்து வருகிறார்கள். ஒரு நாள் ராஜராஜ சோழனைப் பற்றிய நூலைப் பிரித்து வைத்திருந்தபோது, எட்டு வயதான என் தங்கை மகள் அட்டையில் இருந்த ஓவியரின் பெயரில் விரலை வைத்து, "பெரியம்மா, இவர் ராஜராஜனை நேர்ல பாத்தாரா?" என்று கேட்டாள். அதுவரை நான் நூல்களை எழுத்தை மட்டும் பார்த்தே வாங்கி வந்தேன். படங்களையும் சான்றுகளைப் போல விசாரிக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்விதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. குழந்தைகளுக்கு இத்தகைய நூல்களை வாங்கித் தரவும் உடன் உட்கார்ந்து வாசிக்கவும் விரும்பும் பெற்றோருக்காக, நாங்கள் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு பென்சிலையும் சிறிய ஒட்டுத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அது 'கண்டது', 'கேட்டது', 'கற்பனை' என்ற மூன்றில் எதில் சேரும் என்பதைக் குழந்தையே தீர்மானித்துத் தாளில் எழுதி ஒட்டட்டும். நிழற்படமும், ஒருவரை எதிரே இருத்தி வரைந்த ஓவியமும் கண்டவை. கல்வெட்டிலோ கடிதத்திலோ உடனிருந்தவர் நினைவுக் குறிப்பிலோ உள்ள செய்தியைக் கொண்டு வரைந்தவை கேட்டவை. இவ்விரண்டும் இல்லாதபோது ஓவியர் தம் மனத்திலிருந்து எடுத்துத் தந்தவை கற்பனை. கற்பனை என்று எழுதி ஒட்டுவது அந்த ஓவியத்தைத் தாழ்த்துவதாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல ஓவியரின் கற்பனை இல்லாமல் பழங்காலத்தைப் பற்றிய எந்த நூலையும் குழந்தைகளுக்குத் தர முடியாது.

தமிழ்க் குழந்தைகளிடம் இதைத் தொடங்குவதற்குத் திருவள்ளுவரைப் போலப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை. தாடியும் கொண்டையும் கையில் எழுத்தாணியுமாக நாம் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் அந்த உருவம், இருபதாம் நூற்றாண்டில் கே. ஆர். வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் வரைந்தது. 1960-இல் வெளிவந்த தபால்தலையும், பின்னர் சட்டமன்றத்தில் திறக்கப்பட்ட படமும் அதைத் தமிழர் அனைவருக்கும் பொதுவாக்கின. இதைச் சொன்னவுடன் எங்கள் குழந்தைகள் அடைந்த வியப்பு பெரிது. ஏமாற்றம் அடைவார்களோ என்று நான் அஞ்சியது நடக்கவில்லை. ஆளுக்கு ஒரு வள்ளுவரை வரைந்து கொண்டு வந்தார்கள்.

ராஜராஜனின் கதை இன்னும் நுட்பமானது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். அவற்றுள் முனிவர் ஒருவரின் பின்னே நிற்கும் ஓர் உருவத்தை ராஜராஜன் என்றும் முன்னே நிற்பவரைக் கருவூர்த் தேவர் என்றும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் ஓவியத்தில் பெயர் எழுதப்படவில்லை, அந்த அடையாளத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு. 'இவர் ராஜராஜன் என்று பலர் கருதுகிறார்கள்' என்று எழுதும் நூலையும் 'இதுவே ராஜராஜனின் உருவம்' என்று எழுதும் நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதை வாங்க வேண்டும் என்பதில் ஐயம் இருக்காது. பாரதியார் விஷயத்தில் நமக்கு நிழற்படங்கள் இருக்கின்றன, அவையும் விரல்விட்டு எண்ணும் அளவே. எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள் என்பதால், நூல்களில் காணும் தலைப்பாகையின் நிறமும் கோட்டின் நிறமும் ஓவியரைப் பொறுத்தவை. ஒரே படத்தில் முகம் 'கண்டது', நிறம் 'கற்பனை' என்று இரண்டு தாள்களை ஒட்டிய சிறுவன் ஒருவனை நான் வாயாரப் பாராட்டினேன்.

கடையில் நின்றபடி நூலைச் சோதிக்கச் சில எளிய வழிகள் உள்ளன. சமையலறைப் படத்தை முதலில் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை; போர்ச்சுகீசியர் கடல் வழியாக வந்த பிறகே நம் நாட்டுக்கு வந்தன. ஆகவே சோழ அரண்மனை அடுக்களையில் சிவப்பு மிளகாய் குவிந்திருந்தால் ஓவியர் தேடிப் பார்க்கவில்லை என்று பொருள். நான் ஆசையோடு வாங்கிய ஒரு நூலில் அப்படியே இருந்தது. ஆயினும் அதை ஒதுக்கிவிடாமல் குழந்தைகளிடமே கொடுத்துப் பிழை தேடச் சொன்னேன். மிளகுக்குப் பதிலாக வந்த காய் என்பதால்தான் அதற்கு மிளகாய் என்று பெயர் வந்தது என்பதைச் சொன்னபோது, அந்தப் பிழையே அன்றைய பாடமாகிவிட்டது.

அடுத்து எழுதுகோலைப் பாருங்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய புலவரின் கையில் இறகுப் பேனாவைக் கொடுத்திருக்கும் படங்கள் உண்டு. கொடியையும் பாருங்கள். அசோகச் சக்கரம் பொறித்த மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1947 ஜூலை 22 அன்று. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது மக்கள் அறிந்திருந்த கொடியில் இருந்தது இராட்டை. இவ்வளவு சிறியவற்றைக் கூடவா பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கொடியைச் சரிபார்க்காத கை ஆண்டையும் பெயரையும் சரிபார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுத்தைப் பொறுத்தவரை நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. வாழ்க்கை வரலாறு எங்கே முடிகிறது என்பதில் நூலாசிரியரின் நேர்மை தெரியும். பாரதியாரைத் திருவல்லிக்கேணி கோயில் யானை தாக்கியதால் அவர் அங்கேயே உயிரிழந்தார் என்பதுபோல முடிக்கும் நூல்கள் இருக்கின்றன. அவர் அந்தக் காயத்திலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையத்துக்குச் சென்று சொற்பொழிவாற்றி, அதன்பின் வயிற்று நோய்ப்பட்டு 1921 செப்டம்பரில் மறைந்தார். யானைப் படம் குழந்தைகளை ஈர்க்கும் என்பதற்காக அவருடைய இறுதி மாதங்களை நீக்கிவிடுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. வ. உ. சிதம்பரனாரின் கதையையும் கோவைச் சிறையின் செக்கோடு முடித்துவிடுகிறார்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1912 இறுதியில் விடுதலையாகி 1936 வரை வாழ்ந்தார். வறுமையோடு போராடிய அந்த இருபத்து நான்கு ஆண்டுகளிலும் அவர் நூல்களை எழுதினார், பதிப்பித்தார். அந்த ஆண்டுகளுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கியிருக்கும் நூலையே தேர்ந்தெடுங்கள்.

துயரமான செய்திகளைக் குழந்தைகளிடமிருந்து மறைக்க வேண்டுமா என்பது பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. மறைக்க வேண்டியதில்லை, ஆனால் வயதுக்கேற்ற அளவில் சொல்ல வேண்டும் என்பதே என் அனுபவம். பள்ளியில் தண்ணீர்க் குழாயை அம்பேத்கர் தொடக் கூடாது. ஏவலர் திறந்து விட்டால்தான் குடிக்கலாம், அவர் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தக் காட்சி முழுமையாகப் புரிகிறது, ஏனெனில் தாகம் அதற்குத் தெரியும். இத்தகைய பக்கத்தில் விரைந்து புரட்டாமல் நிறுத்துங்கள். குழந்தை பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள். போர்க்களத்தின் இரத்தத்தை வண்ணமயமாகக் காட்டும் பக்கங்களுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தில்லியில் நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் வேகமாகப் படிக்கிறார்கள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். ஆகையால் பத்து வயதுக் குழந்தைக்குப் பத்து வயதுக்குரிய தமிழ் நூலைக் கொடுத்தால் அது மூன்றாம் பக்கத்தில் மூடப்பட்டுவிடும். படம் முதன்மையாக இருந்து பக்கத்துக்கு நான்கைந்து வரிகளே உள்ள நூலைக் கொடுத்து, முதல் முறை நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை எழுதியிருப்பதை அப்படியே உரக்க வாசியுங்கள். மூன்றாம் முறை படத்துக்குக் கீழுள்ள வரிகளை மட்டும் குழந்தை வாசிக்கட்டும். "சொன்னாங்க" என்று காதில் கேட்டது 'சொன்னார்கள்' என்று கண்ணில் படும் அந்த இடைவெளியை, ஏற்கெனவே தெரிந்த கதை மெல்ல நிரப்பிவிடுகிறது.

நூல்கள் கிடைப்பதில் இந்த நகரத்தில் குறையில்லை. தேசிய புத்தக அறக்கட்டளையின் தலைமையிடம் வசந்த் குஞ்சில் உள்ளது. குறைந்த விலையில் பல மொழிகளில், தமிழிலும், சிறார் நூல்களை வெளியிடுகிறார்கள். கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957-இல் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளை பகதூர் ஷா ஜபர் மார்க்கில் இருக்கிறது. அதே கட்டடத்தின் பொம்மை அருங்காட்சியகத்தில் பல நாடுகளின் உடைகளைக் குழந்தைகள் பார்க்கலாம். பிரகதி மைதானத்தின் உலகப் புத்தகக் கண்காட்சிக்குத் தமிழ்ப் பதிப்பகங்களும் வருவதுண்டு.

நூலை வாசித்த பின் அந்த இடத்துக்கே போக முடிவது தில்லியில் வாழ்வோருக்குக் கிடைத்த பேறு. அசோகரைப் பற்றி வாசித்தவுடன் பெரோஸ் ஷா கோட்லாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு உயர்ந்து நிற்கும் அசோகர் தூண், இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ராவில் நின்றிருந்தது. அதைப் பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் கொண்டு வந்தார். அந்தக் காலத்தவர் எவராலும் படிக்க முடியாதிருந்த எழுத்துகளை ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் படித்தார். கல்காஜி கோயிலுக்கு அருகில் பஹாபூர்ப் பாறையிலும் அசோகரின் சிறு கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1966-இல்தான் அது கண்டறியப்பட்டது. அசோகரின் சொல் இவ்வாறு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவருடைய முகம் மட்டும் நமக்குத் தெரியாது. கர்நாடகத்தின் கனகனஹள்ளியில் பெயர் பொறித்த அசோகர் சிற்பம் கிடைத்திருந்தாலும், அதுவும் அவர் காலத்துக்குப் பல தலைமுறை பிந்தையது. பாறையின் முன் நின்றபோது நூலில் இருந்த அசோகர் படத்துக்கு எந்தத் தாளை ஒட்டுவது என்று குழந்தைகளுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. நான் குறுக்கிடவில்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு நூல்களை வாசித்த பிறகு, குழந்தையை வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படங்களோடு எழுதச் சொல்லுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். என் தங்கை மகள், வேலை கிடைத்துச் சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து புது தில்லி நிலையத்தில் இறங்கிய தன் தாத்தாவின் கதையை எழுதினாள். தாத்தா தம் நியமன ஆணையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்து எழுதிய பக்கத்தில் 'கண்டது' என்று ஒட்டினாள். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் தயிர்சாதம் கொடுத்தது, தாத்தா சொல்லிக் 'கேட்டது'. அவர் தூக்கி வந்த தகரப் பெட்டி என்ன நிறம் என்று கேட்டதற்கு, "நினைவில்லையேம்மா" என்றார். அவள் அதற்கு நீல வண்ணம் தீட்டினாள்; கீழே பென்சிலால் 'கற்பனை' என்று எழுதினாள்.