பிரிண்டரைக் குறை சொல்வதற்கு முன்: ஆபீஸில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மதுரையில் துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துகிறார்களே, அதற்கு மறுநாள் பாருங்கள், நிறைய ஆபீஸ்களில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டும். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே வேண்டாத வேலை.

ரூட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ரூம் கொடுப்பதுபோல, அப்போதைக்கு எது காலியோ அதைக் கொடுக்கும்; இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் டிஹெச்சிபி. கரண்ட் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் புதிதாகக் கேட்கும்போது, நேற்று 192.168.1.15-இல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.22-க்குப் போயிருக்கலாம், உங்கள் கம்ப்யூட்டரோ இன்னும் பழைய 15-ஐயே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் இப்போதைய முகவரி இருக்கும், கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸுக்குள் 'போர்ட்ஸ்' என்ற இடத்தில் பழையது இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு, ரூட்டரிலேயே அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு ஐபியை ரிசர்வ் செய்து வைப்பது. அதைச் செய்யாமல் பிரிண்டரில் மட்டும் ஏதோ ஒரு எண்ணை ஸ்டாட்டிக் (மாறாதது) என்று போட்டுவிட்டால், அதே எண்ணை ரூட்டர் யாருடைய செல்போனுக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம், அப்புறம் ஒரு பிரிண்ட் வரும், அடுத்தது வராது. இப்படி விட்டு விட்டு வருகிற கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டரிடமிருந்து பிரிண்டருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பாருங்கள், வைஃபை பாஸ்வேர்டைப் பாருங்கள்.

'நெட் இல்லை, அதனால் பிரிண்ட் வராது' என்று வேலையை நிறுத்தி வைப்பதும் தவறு. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரே ரூட்டரில் இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே சாதாரணமாகப் பிரிண்ட் வரும். ஆனால் கம்ப்யூட்டரை, வெளியாட்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் போட்டிருந்தால், நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பிரிண்டர் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. புது ரூட்டர் வாங்கியதும் பிரிண்டர் மட்டும் இணைய மறுத்தால், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் தெரிந்த மாடலா என்று பாருங்கள். பல பிரிண்டர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண், கூடினால் நல்லது என்று நினைத்து எல்லாவற்றையும் 600-இல் வைப்பவர்கள் அதிகம். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 2480 × 3508 பிக்சல், சுருக்காத கலர் படமாகச் சுமார் 26 எம்பி. 600 ஆக்கினால் அகலமும் உயரமும் இரட்டிப்பாகி, அளவு நான்கு மடங்காகி 104 எம்பிக்குப் போய்விடும், மெயிலில் போகாமல் திணறும். பட்டா, சர்டிபிகேட் மாதிரி எழுத்துள்ள தாள்களுக்கு 300 தாராளம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த 1200 × 1600 பிக்சல் படத்தைத் திறந்து, டிபிஐ கட்டத்தில் 300 என்று மாற்றிவிட்டு, தரம் கூடிவிட்டதாக நம்பி ஏ4 அளவில் அச்சிடுகிறார்கள். அந்தத் தாளில் அந்தப் படத்துக்கு அங்குலத்துக்குச் சுமார் 140 பிக்சல்தான் கிடைக்கும், எண்ணை மாற்றுவதால் இல்லாத விவரம் முளைக்காது. அனுப்புகிறவரிடம் ஒரிஜினலை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதேபோல வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்காக 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள் சுருக்கிய போட்டோவை ஒரிஜினல் மேலேயே சேவ் செய்துவிடாதீர்கள், பிறகு பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் போடும்போது முகம் மங்கலாகத்தான் வரும்.

நான் மிகவும் வருந்துவது 'பிளாக் அண்ட் ஒயிட்' ஸ்கேனைப் பார்த்துத்தான். அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. பழைய பத்திரத்தில் வெளிறிப்போன ஊதா முத்திரை, ஓரத்தில் பென்சிலில் எழுதிய சர்வே எண், மங்கிய கைநாட்டு எல்லாம் வெள்ளையாகிக் காணாமல் போய்விடும். ஸ்கேன் செய்த கையோடு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடி எடுக்கவும் வழியில்லை. குறைந்தது, நடுவில் உள்ள சாம்பல் நிறங்களையும் பிடிக்கும் கிரேஸ்கேல் வையுங்கள், முத்திரை இருந்தால் கலர்தான்.

கடைசியாகப் பேப்பர் அளவு. சாஃப்ட்வேரில் 'லெட்டர்' என்று இருக்கும், அது 216 × 279 மில்லிமீட்டர். டிரேயில் இருப்பது 210 × 297 ஏ4. பிரிண்டர் வேறு பேப்பர் கேட்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும், இங்கே நாம் பிரிண்ட் பட்டனை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்போம். முதலில் வரிசையில் நிற்கிற பழைய பிரிண்ட்களை எல்லாம் கேன்சல் செய்யுங்கள், அளவை ஏ4 ஆக்குங்கள், அப்புறம் ஒரே ஒரு முறை கொடுங்கள்.